யூலையில் தொடங்கி யூனில் முடியும் சேவை

ஒவ்வோர் ஆண்டும் யூலை பிறந்ததும் எமது பட்டணங்களில் ஒரு காட்சியைக் காணலாம். விருந்தினர் விடுதியிலோ நகர மண்டபத்திலோ லயன்ஸ் கழகத்தின் அல்லது றோட்டரிக் கழகத்தின் பதவியேற்பு வைபவம் நடைபெறும். பழைய தலைவர் தமது கழுத்திலுள்ள பதக்கத்தைக் கழற்றிப் புதிய தலைவருக்கு அணிவிப்பார். சென்ற ஆண்டின் சேவைகள் வாசிக்கப்படும். மூக்குக்கண்ணாடி இத்தனை, அப்பியாசக் கொப்பிகள் இத்தனை, மரக்கன்றுகள் இத்தனை, உலருணவுப் பொதிகள் இத்தனை. மண்டபத்தின் ஓரத்தில் ஒரே நிற மேற்சட்டை அணிந்த இளைஞரும் யுவதியரும் மாலைத் தட்டை ஏந்தி நிற்பார்கள். அவர்கள்தாம் லியோக்கள், அல்லது றோட்டரக்ட் அங்கத்தவர்கள்.

இக்கட்டுரை அந்த இளையோரைப் பற்றியது. அவர்களுடைய நல்லெண்ணத்தில் எமக்கு ஐயம் இல்லை. சனிக்கிழமை காலையில் வீட்டில் உறங்கக்கூடிய வயதில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்பின் அறியாத ஒரு கிராமத்துக்கு வருகிறார்கள் என்பதே பெரிய விடயம். ஆயின் அந்த உழைப்பு கிராமத்தில் வேரூன்றாமல் போவதை நாம் மீண்டும் மீண்டும் காண்கிறோம். அதற்கான காரணத்தின் பெரும்பகுதி கழகங்களின் நாட்காட்டியிலேயே இருக்கிறது என்பது எமது எண்ணம்.

இவ்விரு கழகங்களும் அமெரிக்காவின் சிக்காக்கோ நகரிற் பிறந்தவை. 1905இல் போல் ஹரிஸ் என்ற சட்டத்தரணி மூன்று நண்பர்களுடன் தொடங்கிய கூட்டமே றோட்டரி. ஒருவர் அலுவலகத்தில் ஒரு முறை, மற்றவர் அலுவலகத்தில் மறுமுறை என்று சுழன்று கூடியதால் அப்பெயர் வந்தது. அவர்கள் எடுத்த முதற் பொதுப்பணிகளுள் ஒன்று நகரத்திற் பொது மலசலகூடம் அமைக்கப் பாடுபட்டது. கிராம வேலையில் ஈடுபட்டவர்கள் இதைக் கேட்டுச் சற்றுப் புன்னகை செய்யலாம். எமது வேலையும் பல ஊர்களில் அங்கேதான் தொடங்கியது. 1917இல் காப்புறுதித் தொழில் செய்த மெல்வின் ஜோன்ஸ் முன்னின்று அமைத்தது லயன்ஸ். 1925இல் ஹெலன் கெலர் அம்மையார் அவர்களுடைய மாநாட்டில் எழுந்து, பார்வையற்றோருக்காக உழைக்குமாறு வேண்டிய பின்னர் கண் பராமரிப்பு லயன்ஸ் கழகங்களின் சிறப்புப் பணியாயிற்று. இலங்கையில் றோட்டரி 1929இல் கொழும்பில் அமைந்தது.

இளையோர் கிளைகள் பின்னர் வந்தவை. 1957இல் பென்சில்வேனியா மாநிலத்து உயர்நிலைப் பாடசாலை ஒன்றில் முதலாவது லியோ கழகம் உருவாகியது. றோட்டரி 1962இல் பாடசாலை மாணவருக்காக இன்ரறக்டையும், 1968இல் அதற்கு மேற்பட்ட வயதினருக்காக றோட்டரக்டையும் ஆரம்பித்தது. இன்று எமது பெரிய பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இவற்றுள் ஏதாவது ஒன்று இயங்குவது வழக்கமாகிவிட்டது.

இனி நாட்காட்டிக்கு வருவோம். இரு கழகங்களுக்கும் ஆண்டு யூலை 1இல் தொடங்கி அடுத்த யூன் 30இல் முடிகிறது. தலைவர், செயலாளர், மாவட்ட ஆளுநர் எல்லோரும் அந்த ஒரு வருடத்துக்கே. ஒருவரே கதிரையைப் பிடித்துக்கொண்டு இருக்காமல் ஆண்டுதோறும் மாறுவது நல்ல ஏற்பாடு. எமது கிராமச் சங்கங்கள் பலவும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் தலைவருடன் சேர்ந்து வேலையும் மாறிவிடுவதே தொல்லை. ஒவ்வொரு தலைவரும் தமது ஆண்டுக்கென ஒரு சுலோகத்துடனும் ஒரு திட்டத்துடனும் வருகிறார். சென்றவர் கட்டிய முன்பள்ளிக்குக் கதவு போடுவது புதியவரின் அறிக்கையில் அழகாக இராது. அவருக்கென்று ஒரு முன்பள்ளி வேண்டும்.

இதற்கு மரநடுகையைக் காட்டிலும் நல்ல உதாரணம் கிடையாது. யூன் 5 உலக சுற்றாடல் தினம். கழகத்தின் ஆண்டு முடிவதற்கு இன்னும் மூன்று வாரங்களே இருக்கும். அறிக்கையில் சுற்றாடற் பகுதி வெறுமையாக இருந்தால் உடனே கன்றுகள் வாங்கப்படும். வாகனத்தில் லியோக்கள் வந்திறங்குவார்கள். பாடசாலை வளவில் குழி வெட்டி, வேம்பும் மருதும் நட்டு, அதிபருடன் நின்று படம் எடுத்துக்கொண்டு பின்னேரம் திரும்பிவிடுவார்கள். கொழும்பிலும் களுத்துறையிலும் யூனில் மழை பெய்கிறது. அங்கே இது பொருந்தும். வடக்கிலும் கிழக்கிலும் யூன் என்பது சோளகமும் கச்சானும் மண்ணை உலர்த்தும் காலம். ஆடியில் கிணறே வற்றும். ஓகஸ்டில் பாடசாலை விடுமுறை; தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. கன்றைச் சுற்றி வேலி இல்லாத இடத்தில் ஆடு முந்திக்கொள்ளும். எமது மழை ஐப்பசியிலே தொடங்கி மார்கழி, தை வரை நிற்பது. ஊரில் எந்தக் கமக்காரனைக் கேட்டாலும் சொல்லுவான். வட மாகாண சபை 2014இல் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்ததும் இக்காரணத்தினாலேயே. ஆயினும் யூன் 5 வந்ததும் அதே வளவில், சென்ற ஆண்டுக் குழிக்குப் பக்கத்தில், புதுக்குழி வெட்டப்படுவதைக் காணலாம்.

ஒரு பதினேழு வயது மாணவி இதிலிருந்து எதைக் கற்றுக்கொள்கிறாள் என்பதே எமது கவலை. கன்று பட்டுப்போவதை அவள் காண்பதில்லை. அவள் கண்டது பதாகையும் படமும் பாராட்டும். சேவை என்பது இப்படித்தான் என்று எண்ணிக்கொண்டு நாளைக்கு அவளே ஓர் அலுவலகத்தில், ஒரு நிறுவனத்தில், ஒரு பிரதேச செயலகத்தில் அமர்ந்து திட்டம் தீட்டப்போகிறாள்.

ஒரே ஆண்டு என்னும் இந்தக் கட்டைத் தாண்டியபோது அதே கழகங்கள் என்ன செய்ய வல்லன என்பதற்கும் சாட்சி உண்டு. இளம்பிள்ளைவாதம் எனும் போலியோ நோயை ஒழிக்கும் பணியை றோட்டரி 1979இல் பிலிப்பைன்சில் சிறிதாகத் தொடங்கி, 1985இல் உலகப் பணியாக ஏற்றுக்கொண்டது. 1988இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவ்வும் அரசாங்கங்களும் சேர்ந்துகொண்டன. அப்போது 125க்கு மேற்பட்ட நாடுகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 350,000 பிள்ளைகளை இந்நோய் முடமாக்கிக்கொண்டிருந்தது. இன்று இயற்கையான போலியோ வைரஸ் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1985க்குப் பின் றோட்டரியின் உலகத் தலைமை ஏறக்குறைய நாற்பது தடவை கைமாறிவிட்டது. சுலோகங்கள் நாற்பது வந்துபோயின. போலியோவை மட்டும் எவரும் கீழே வைக்கவில்லை.

எமது நாட்டில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார். அதற்குப் பின்னரும் 1995 தொடக்கம் தேசிய நோய்த்தடுப்புத் தினங்கள் நடத்தப்பட்டு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கப்பட்டது. அது யுத்தத்தின் நடுப்பகுதி. அந்த நாட்களுக்காக இரு தரப்பும் துப்பாக்கிகளை ஓய வைக்க இணங்கின. யுனிசெவ்வின் முயற்சியும் றோட்டரியின் முயற்சியும் அதன் பின்னால் இருந்தன. 2014 மார்ச்சில் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் போலியோ அற்றது எனச் சான்றளிக்கப்பட்டது. ஒரு விடயத்தை மறக்கக்கூடாது. இதனை வெற்றிகொண்டவர்கள் முதலில் எமது குடும்பநல மாதரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுமே. எந்த வீட்டில் எத்தனை மாதக் குழந்தை உண்டு என்பது குடும்பநல மாதின் பதிவேட்டில் இருந்தது. மருந்தைக் குளிரில் வைத்துக் கொண்டுசெல்லும் ஒழுங்கு சுகாதாரத் திணைக்களத்திடம் இருந்தது. வெளியிலிருந்து வந்த பணமும் தொண்டர்களும் நிலையாக ஊன்றி நின்ற ஓர் அமைப்பின்மீது சாய்ந்து வேலை செய்தார்கள். அதனால் பயன் கிடைத்தது.

ஆகவே ஒரு நாட் சேவை எல்லாமே வீண் என்று நாம் சொல்லவில்லை. இரத்ததான முகாம் ஒரு நாள் வேலைதான். காலையில் கட்டில் விரித்துப் பின்னேரம் சுருட்டிவிடுவார்கள். எனினும் அதன் மறுமுனையில் தேசிய இரத்த மாற்றுச் சேவை நிற்கிறது. இரத்தத்தைச் சோதித்து, பிரித்து, குளிரூட்டி, தேவைப்படும் வைத்தியசாலைக்கு அனுப்புகிறது. எமது நாட்டில் இரத்தம் விலைக்கு வாங்கப்படுவதில்லை. தன்விருப்பக் கொடையாளரே முழுத் தேவையையும் நிறைவேற்றுகிறார்கள். இதில் லியோ, றோட்டரக்ட் இளைஞரின் பங்கு சிறிதன்று. நான்கு மாதங்களுக்கு ஒருமுறை அதே இளைஞன் மீண்டும் கொடுக்கலாம் என்பதால் இது பழக்கமாகவும் மாறிவிடுகிறது.

கண் முகாமோ பாதியில் நிற்கும் பாலம். இதனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் எமது கிராமங்களுக்கு மிகவும் தேவையான சேவையும் இதுவே, இளையோருக்கு மிகவும் ஏற்ற வேலையும் இதிலேதான் காத்திருக்கிறது.

முகாமன்று பாடசாலை மண்டபத்தில் ஆறு மீற்றர் தூரத்தில் எழுத்துப் பலகை மாட்டப்படும். எழுத்தறியாத முதியவர்களுக்கு வேறு அட்டை உண்டு. நாற்பது வயதுக்குப் பின் வரும் வெள்ளெழுத்துக்காரருக்கு அந்த இடத்திலேயே கண்ணாடி கொடுத்துவிடலாம். அன்று மாலையே அவர் பத்திரிகை படிப்பார், ஊசியில் நூல் கோப்பார். இது முழுமையான சேவை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முகாமுக்கு வருபவர்களில் இன்னொரு பகுதியினர் உண்டு. கண்ணில் புரை முற்றிய ஆச்சி ஒருவருக்குக் கண்ணாடியாற் பயனில்லை. சத்திரசிகிச்சை செய்து செயற்கை வில்லை வைக்க வேண்டும். அது முகாமில் நடப்பதன்று. அவர் கையில் ஒரு துண்டு கொடுப்பார்கள்: ஆதார வைத்தியசாலைக்கு அல்லது போதனா வைத்தியசாலைக்குப் போய்க் கண் கிளினிக்கில் காட்டவும்.

அந்தத் துண்டு பெரும்பாலும் முந்தானை முடிச்சிலேயே பழையதாகிவிடும். கிளினிக் நாள் எது என்று அவருக்குத் தெரியாது. முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் இலக்கம் எடுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. முதல் நாள் பார்த்து இரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார்கள். சர்க்கரையும் பிரஷரும் கூடியிருந்தால் குறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். பிறகு திகதி கொடுப்பார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் சொட்டு மருந்து விட வேண்டும். மீண்டும் காட்டவும் போக வேண்டும். எல்லாமாக நான்கைந்து பயணங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பது உண்மைதான். அந்த நான்கைந்து பயணங்களும், கூட வரும் ஒருவரின் கூலிநாளும் இலவசமல்ல. மகன் வெளிநாட்டில், மகள் தைத்த சட்டைக்குத் துண்டு எண்ணிச் சம்பளம் வாங்கும் ஆடைத் தொழிற்சாலையில். குளோக்கோமா எனும் கண்ணழுத்த நோய் உடையவருக்கோ தாமதத்துக்கு விலை இன்னும் அதிகம். புரையால் மறைந்த பார்வை திரும்பி வரும், இதனால் இழந்த பார்வை திரும்பாது.

இங்கேதான் இருபது வயதுடைய ஒருவரின் நேரம் பொன்னாகிறது. ஒரு முகாமில் பதினைந்து பேருக்கு அப்படித் துண்டு கொடுக்கப்பட்டால், பதினைந்து லியோக்கள் ஆளுக்கொருவரைப் பொறுப்பெடுக்கட்டும். கிளினிக் நாளை விசாரித்துச் சொல்வது, பஸ்ஸில் கூடப் போவது, வரிசையில் நின்று இலக்கம் எடுப்பது, மருந்து விடும் முறையைப் பேரப்பிள்ளைக்குப் பழக்கிவிடுவது. இதற்குப் பதாகை தேவையில்லை, மண்டபம் தேவையில்லை. செலவு பஸ் கட்டணமே. ஆனால் ஆறு மாதம் பிடிக்கும். அறிக்கையில் ‘கண் முகாம் ஒன்று, பயனாளிகள் 200’ என்பதற்குப் பதிலாக ‘பதினைந்து பேரில் பதினொருவர் பார்வை பெற்றனர், இருவர் மறுத்துவிட்டனர், இருவருக்குத் திகதி கிடைக்கவில்லை’ என்று எழுத வேண்டியிருக்கும். இரண்டாவது அறிக்கையை வாசிக்கும்போது மண்டபத்திற் கைதட்டல் குறையலாம். அதை எழுதிய இளைஞனுக்கு எமது சுகாதார முறைமை எங்கே இறுகுகிறது, எங்கே கசிகிறது என்பது தெரிந்திருக்கும்.

இவ்வாறான வேலையை இளையோர் கிளைகள் ஏன் எடுப்பதில்லை? அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பது ஒரு பதில். பல இடங்களில் இளையோர் கிளை பெரியவர்களின் ஏவலாளர் படையாகவே நடத்தப்படுகிறது. வைபவத்துக்குக் கதிரை அடுக்குவதும் விருந்தினருக்குத் தேநீர் கொடுப்பதும் அவர்களே. தீர்மானம் எடுக்கும் மேசையில் அவர்களுக்கு இடமில்லை. உலக மட்டத்தில் இது மாறிவருகிறது. 2019இல் றோட்டரி தனது சட்டத்தைத் திருத்தி றோட்டரக்ட் கழகங்களையும் தன் உறுப்புக் கழகங்களாக ஏற்றுக்கொண்டது. 2020 யூலை முதல் முப்பது வயது என்ற எல்லையையும் நீக்கியது. அந்த மாற்றம் எமது பட்டணத்து மண்டபங்கள் வரை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை அங்கிருக்கும் இளைஞர்களே சொல்ல வேண்டும்.

மொழியும் ஒரு மதில். கூட்டக்குறிப்பு, அறிக்கை, மாவட்ட மாநாடு யாவும் ஆங்கிலத்தில் நடப்பதால் கிராமத்துப் பிள்ளை உள்ளே வரத் தயங்குகிறது. வந்தவர்களும் பேசத் தயங்குகிறார்கள். இதனால் சேவை செய்பவர் பட்டணத்தவர், பெற்றுக்கொள்பவர் கிராமத்தவர் என்ற பழைய பிரிவு இளைய தலைமுறையிலும் பதிந்துவிடுகிறது. கிராமத்திலோ சனசமூக நிலையம் இருக்கிறது, இளைஞர் கழகம் இருக்கிறது, மாதர் சங்கம் இருக்கிறது. அவற்றிலுள்ள இளைஞர்களும் அதே க.பொ.த. உயர்தரம் எழுதியவர்கள்தான். பட்டணத்து லியோவும் அவர்களும் ஒரே மேசையில் இருந்து திட்டமிட்டதை நாம் அரிதாகவே காண்கிறோம்.

இந்த நாட்டுக்கு இது தெரியாத வித்தை அன்று. 1958 டிசெம்பரில் கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் மாணவர்கள், ஏ. ரி. ஆரியரத்ன என்ற இளம் ஆசிரியருடன், சாதியால் ஒதுக்கப்பட்ட கனத்தொலுவ என்ற கிராமத்துக்குச் சென்றனர். அங்கேயே தங்கி, அம்மக்களுடன் சேர்ந்து உண்டு, சேர்ந்து வேலை செய்தனர். சிரமதானம் என்ற சொல்லை நாடெங்கும் பரப்பிய சர்வோதய இயக்கம் அந்தத் தங்கலிலிருந்து வளர்ந்தது. அவ்வியக்கத்தின் பிற்காலத்தைப் பற்றிப் பல கருத்துகள் இருக்கலாம். அன்று அந்த மாணவர்கள் இரவிலும் அங்கேயே இருந்தார்கள் என்பதுதான் எமக்கு இங்கு முக்கியம். பின்னேரம் நான்கு மணிக்கு வாகனத்தில் ஏறிவிடுபவருக்குக் கிராமம் தன் உண்மையான தொல்லைகளைச் சொல்வதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, விளக்கடியில் அமர்ந்திருக்கும்போதுதான் தண்ணீருக்காக நடக்கும் சண்டையும், நுண்கடன் காரனின் தவணையும், பாடசாலைக்குப் போகாத பிள்ளையும் பேச்சில் வரும்.

சான்றிதழுக்காகவும் வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்காகவும் இவ்விளைஞர்கள் சேருகிறார்கள் என்று சிலர் குறைசொல்வதுண்டு. இக்குற்றச்சாட்டு எமக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சான்றிதழ் வேண்டி வந்தவன் ஓர் ஆச்சியை நான்கு தடவை கிளினிக்குக் கூட்டிச் சென்றால் அச்சான்றிதழை மகிழ்வுடன் கொடுக்கலாம். எதற்காக வந்தான் என்பதைவிட எத்தனை தடவை வந்தான் என்று கேட்பதே கிராமத்துக்கு நல்லது.

இதிலே கிராமச் சங்கங்களும் சும்மா இருந்துவிட முடியாது. கொடுப்பவர் வந்தால் மாலை போட்டு, நன்றி சொல்லி, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் வழக்கம் எங்களிடம் ஊறிப்போயிருக்கிறது. யுத்த காலமும் 2004 டிசெம்பரின் கடற்கோளும் இதனை இன்னும் வளர்த்துவிட்டன. வேண்டாத பொருளையும் வேண்டாம் என்று சொல்ல அஞ்சுகிறோம். சொன்னால் அடுத்த முறை பக்கத்து ஊருக்குக் கொடுத்துவிடுவார்களாம். குழாய்க்கிணற்றுக்குக் கைப்பம்பி தருகிறோம் என்று வந்தால், அதன் வாசர் தேய்ந்துபோனால் எங்கே வாங்குவது, யார் மாற்றுவது என்று கேட்பது நன்றிகெட்ட செயலன்று. நீர் சுத்திகரிக்கும் இயந்திரம் என்றால் வடிகட்டிகளை மாற்றும் செலவையும் மின்சாரக் கட்டணத்தையும் முதலிலேயே கணக்குப் பார்க்க வேண்டும். சிறுநீரக நோயுள்ள பிரதேசங்களில் இது உயிர்ப் பிரச்சினை. இயந்திரம் நின்ற மறுநாள் மக்கள் பழைய கிணற்றுக்கே திரும்புகிறார்கள். மரக்கன்று என்றால் கார்த்திகையில் கொண்டுவாருங்கள், வேலிக்கு நாங்கள் தடி வெட்டித் தருகிறோம் என்று சொல்லலாம்.

கழகத்தினர் பேச வரும்போது சங்கத்தின் கூட்டப் புத்தகத்தில் மூன்று ஆண்டுக்கு ஒரு சிறு உடன்பாடு எழுதிக்கொள்ளும்படி நாம் ஆலோசனை கூறுவோம். என்ன வேலை, எங்கள் பங்கு எது, அவர்கள் பங்கு எது, இளையோர் கிளையில் யார் யார் எந்த வீட்டுக்குப் பொறுப்பு என்பவை அதில் இருக்கட்டும். அடியில் கழகத் தலைவர் மட்டும் கையொப்பம் இட்டால் போதாது. அடுத்த யூலையில் பதவியேற்கப்போகிறவர் யார் என்பது இக்கழகங்களிற் பெரும்பாலும் பல மாதங்களுக்கு முன்னரே தீர்மானமாகிவிடும். அவரையும் அழைத்து வரச் சொல்லி, பக்கத்தில் அவருடைய கையொப்பத்தையும், இளையோர் கிளையில் அடுத்த ஆண்டும் இருக்கப்போகிற இருவரின் கையொப்பத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.